தேக்கடி தண்ணியில ஒரு கழுத்து

எங்க ஊரு கம்பம் பக்கத்துல கூடலூர், எங்க அம்மாச்சி வெள்ளன எந்திரிச்சு ஜீப்புல குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துல காயெடுத்துட்டு பொழுது சாய இறங்கி வர்றவங்க. நான் அஞ்சாப்பு படிக்கையில தீபாவளி போனஸ் வாங்குன கையோட என்னைய தேக்கடிக்கு கூட்டிட்டு போயி போட்டுல ஏத்துனாங்க.

தேக்கடி ஏரிய பாத்தவங்களுக்கு தெரியும், தண்ணிக்கு நடுவுல கருப்பு கருப்பா மரக்கட்டைங்க நட்டுக்கிட்டு நிக்கும். 1895ல பென்னிகுயிக் அணை கட்டி முடிச்சு தண்ணி தேங்குனப்ப முங்கிப்போன காட்டு மரங்க அதெல்லாம், இம்புட்டு வருசமாகியும் அடிமரம் அப்படியே நிக்குது. காலை பனியில அத பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு தலை மாதிரியே இருக்கும். அன்னைக்கு ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு கழுத்து போச்சு. வெறும் கழுத்து மட்டுந்தான், உடம்பே இல்ல. என் முழங்கை நீளம் இருக்கும், மேல போயி லேசா வளைஞ்சு, நுனியில ஊசி மாதிரி மூக்கு, தண்ணியில பின்னாடி மீசை மாதிரி ரெண்டு கோடு இழுத்துக்கிட்டே போயி சத்தமில்லாம கீழ இறங்கிருச்சு. நான் கத்துன கத்துல போட்டே திரும்பி பாத்துச்சு. போட்டுல வேலை பாத்த மலையாளத்து அண்ணன் பக்கத்துல வந்து "சேரக்கோழியா மோளே"ன்னாரு. நம்ம சாரைப்பாம்பத்தான் அங்க சேரன்னு சொல்வாங்க. எனக்கு பாம்புங்கறது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு, கோழி விழல.

அம்மாச்சி என் கைய பிடிச்சுக்கிட்டு, "பயப்படாத ஆத்தா, அது பாட்டுக்கு அது போகுது"ன்னாங்க.

வீட்டுக்கு வந்தப்புறந்தான் பெரிய பயமே. அந்த ஏரித் தண்ணி மலைய குடைஞ்சு போட்ட சுரங்கம் வழியா வந்து பெரிய குழாய்ல இறங்கி லோயர்கேம்ப்ல கரண்டு எடுத்துட்டு நம்ம முல்லையாத்துக்குத்தானே வருது, அப்ப அதுவும் வந்துரும்லன்னு நாலஞ்சு நாளு ஆத்தங்கரை படியில உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். பயம்னு சொல்றேனே தவிர, வந்துரணும்னும் ஆசையா இருந்துச்சு.

அப்புறம் எட்டாப்புல ஒரு பத்திரிகையில, உள்ள ஏதோ பெரிய பிராணி இருக்குன்னு பேசிக்கிற ஸ்காட்லாந்து நெஸ் ஏரி படத்த பாத்தேன். அதே கழுத்து! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சு போச்சு. அன்னைல இருந்து அந்த ஏரிய பத்தி எது கிடைச்சாலும் விடாம படிக்கிறவ நான். 37 கிலோமீட்டர் நீளம், ஆழம் 200 மீட்டருக்கும் மேல, இங்கிலாந்து வேல்ஸ் ஏரிங்க எல்லாத்தையும் சேத்தாக்கூட அந்த ஒரு ஏரித் தண்ணிக்கு ஈடாகாது. மக்குன செடிகொடி மண்ணு கரைஞ்சு வர்றதால தண்ணி கட்டன்சாயா நிறத்துல இருக்கும், கொஞ்சம் கீழ போனா ஒண்ணும் தெரியாது. 1933ல ஏரியோரமா புது ரோடு வந்துச்சு, அதே வருசம் மே மாசம் அங்க உள்ளூர் பேப்பர்ல ஓட்டல் நடத்துன ஒரு அம்மா பாத்த சேதி வந்துச்சு, திமிங்கலம் மாதிரி உடம்பு புரண்டுச்சுன்னு. அதுல இருந்துதான் உலகமே அந்தப் பக்கம் திரும்புச்சு.

நான் பாத்த அந்தக் கழுத்துப் படம் 1934ல வந்தது, டாக்டர் எடுத்ததுன்னு சொன்னாங்க. அது பொம்மை நீர்மூழ்கி மேல தலைய செஞ்சு ஒட்டி எடுத்த படம்னு 1994ல வெளிய வந்துச்சு. அத படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. கண்ணால பாத்தத பாத்தபடி சொன்ன ஜனங்க எத்தனையோ பேரு, அவங்க எல்லாரையும் பொய்காரங்களா ஆக்கிவிட்டது அந்தப் படந்தான்னு இன்னமும் எனக்கு கோவம் இருக்கு. அலைய பாத்திருக்கலாம், மரக்கட்டைய பாத்திருக்கலாம், ஆனா நெஞ்சு அடிச்சது நிஜந்தானே. 2018ல நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெமல் குழு ஏரி பூராவும் 250 தடவைக்கிட்ட தண்ணி எடுத்து டிஎன்ஏ பாத்தாங்க, ஊர்ற பிராணி எதோடதும் இல்ல, விலாங்கு மீனோடது மட்டும் எக்கச்சக்கம். அந்த இருட்டுல அத்தனை விலாங்கு நெளியுதுங்கறதே எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு.

போன மார்கழியில மறுபடி தேக்கடி போனேன், காலையில முதல் போட்டு. எல்லாரும் கரையில ஆனை நிக்குதான்னு தேடுறாங்க, நான் கட்டைங்களயே பாத்துக்கிட்டு இருக்கேன். வந்துச்சு. இப்ப எனக்கு பேரு தெரியும், தமிழ்ல பாம்புத்தாராங்கற பறவை, அதோட இறகு தண்ணிய உறிஞ்சிக்கிறதால உடம்பு முங்கிப்போயி கழுத்து மட்டும் வெளிய தெரியுதுன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் கை தானா கம்பிய இறுக்கிப் பிடிச்சிருச்சு. முங்குச்சு. எந்தப் பக்கம் எந்திரிக்கும்னு தெரியாம நான் மூச்ச பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், போட்டுக்கு பக்கத்துலயே மூக்குல ஒரு மீன குத்தி எடுத்துக்கிட்டு மேல வந்து, தூக்கி எறிஞ்சு தலைப்பக்கமா பிடிச்சு முழுங்குச்சு. அந்த ஒல்லிக் கழுத்துல மீனு புடைச்சுக்கிட்டு மெதுவா கீழ இறங்குறத தண்ணி மட்டம் வரைக்கும் பாத்தேன், அதுக்கு கீழ ஒண்ணும் தெரியல.