மணலி கோ-லைவ் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

சென்னை மணலியில் பைப் ஃபிட்டிங்ஸ் கம்பெனி ஒன்று டேலி கணக்கு சாஃப்ட்வேரை விட்டு, கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் எஸ்ஏபி சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. ஏப்ரல் 1 கோ-லைவ், அதாவது புதியதில் வேலை தொடங்கும் நாள். இதற்கு கன்சல்டன்ட் ஆட்களைப் போடுவது என் வேலை. மேலிடத்துத் திட்டப்படி ஃபைனான்ஸ் கன்சல்டன்ட் நேரில், குடோனைப் பார்க்கும் எம்எம் கன்சல்டன்ட் ரிமோட். முதலாளி கண்ணில் படுகிற மாதிரி ரேட் கூடின ஆளை உட்காரவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். எனக்கு ஒப்பவில்லை. கணக்கு முழுக்க கம்ப்யூட்டரில் இருக்கிறது, புனே ஆபீஸிலிருந்தே பார்க்கலாம். சரக்கு தரையில் கிடக்கிறது.

மார்ச் 5

திருவொற்றியூர் மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ. கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

சரக்குப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் 'எல்போ 2 இஞ்ச்', '50 எம்எம் பெண்டு', 'எஸ்எஸ் எல்போ 2' என்று மூன்று கோடு நம்பர். ரேக்கில் இருப்பதோ ஒரே பெட்டி. ஸ்டோர்கீப்பர் அண்ணன் ஒன்றை எடுத்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் தூசியைத் தேய்த்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, எந்த உருக்கில் வந்த உலோகம் என்று சொல்லும் ஹீட் நம்பரைப் படித்தார். வீடியோ காலில் இருந்த எம்எம் ஆள் "கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்று நாலு தரம் கேட்டார். "இன்னும் கிட்ட காட்டணும்னா நீயே வந்து பாரு நைனா" என்றார் அண்ணன். இதை அப்படியே மேலிடத்துக்கு மெயிலில் எழுதினேன்.

மார்ச் 7

எம்எம் ஆள் நேரில், ஃபைனான்ஸ் ஆள் ரிமோட் என்று மாற்றிப் போட ஒப்புக்கொண்டார்கள். ஆள் கிடைக்க வேண்டுமே! எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசிக்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது. எல்லாக் கம்பெனியும் புதிய பதிப்பான எஸ்4க்கு ஓடுவதால் நல்ல ஆட்கள் கேட்ட ரேட்டுக்குப் போகிறார்கள். ஓஎம்ஆர் ஐடி ஆபீஸ் என்று நினைத்துப் பேசுகிறவர்கள் மணலி என்றதும் "யோசிச்சு சொல்றேன்". கடைசியில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் சிக்கினான். பெங்களூரு அலுத்துவிட்டதாம், வீட்டுச் சாப்பாடு வேண்டுமாம். வாழ்க அவன் அம்மா.

மார்ச் 18

மூன்று கோடும் ஒன்றாகிவிட்டன. பையனும் அண்ணனும் ரேக் ரேக்காக ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எஸ்ஏபிக்கு ப்ரோகிராம் எழுதும் அபாப் ஆள் கோயம்புத்தூரில் இருக்கிறார், பில்லை அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ் இணைப்பை முடித்தார். இவரை நான் நேரில் பார்த்ததே இல்லை, பார்க்கத் தேவையும் இல்லை. ஸ்பெக் தெளிவாக இருந்தால் அபாப் வேலைக்கு ஊர் எதுவானால் என்ன.

மார்ச் 27

சர்வரைப் பார்க்கும் பேசிஸ் ஆள் போலந்தில். 30ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அவருடைய காலை 9 மணி இதுவரை நமக்கு மதியம் 1.30, இனி 12.30. பழையதிலிருந்து புதியதற்கு மாறும் கட்ஓவர் நடக்கும்போதா இது வர வேண்டும்? அட்டவணை முழுக்க இந்திய நேரத்துக்கு மாற்றினேன்.

மார்ச் 29

கடைசி டேலி பில் மாலையில் போட்டாச்சு. நாளை யுகாதி, திங்கள் ரம்ஜான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாய்க்குப் பெருநாள் லீவு. அதனால் உயரத்தில் இருப்பதையெல்லாம் இன்றே எண்ணி முடிக்கச் சொன்னான் பையன். புனேயில் போட்ட பிளானில் இதெல்லாம் இல்லை.

ஏப்ரல் 1

முதல் இன்வாய்ஸ் போர்ட்டலில் திரும்பிவந்தது. வாங்குபவர் முகவரியில் பின்கோடு ஒரு மாநிலம், ஸ்டேட் கோடு வேறு மாநிலம். கோயம்புத்தூர்க்காரர் லாகைப் பார்த்துச் சொன்னார், பையன் சேல்ஸ் மேஜைக்கே போய்த் திருத்தவைத்தான். போர்ட்டல் பில்லுக்குத் தரும் 64 எழுத்து அடையாளமான ஐஆர்என் வந்தது, க்யூஆர் அச்சானது, இ-வே பில்லும் கையுமாக லாரி கிளம்பியது.

ஏப்ரல் 4

செலவு மிச்சமாம், பையனை ரிமோட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். சரக்கு வரவை இன்னும் பேப்பரில் எழுதி, சாயங்காலம் மொத்தமாக ஏற்றுகிறார்கள். அந்தப் பழக்கம் போகிறவரை அவன் குடோனில்தான் என்று பதில் போட்டேன். ஏப்ரல் 18 வரை சம்மதம். ஃபைனான்ஸ் ஆளை மே முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதக் க்ளோசிங்கின்போது அக்கவுண்டன்ட் பக்கத்தில் அவர் இருந்தாக வேண்டும்.