பெரியம்மையின் 400 யூரோ

செப்டம்பர் 18, 2025, வியாழன். நாகர்கோவில்

கத்தோலிக்கருக்குப் புனித ஆண்டான யூபிலி ஆண்டுத் திருப்பயணத்துக்கு எங்கள் பக்கமிருந்து 22 பேர் ரோமுக்குக் கிளம்புகிறோம். விசா எல்லாருக்கும் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் பங்கு மண்டபத்தில் கூட்டம். கைச்செலவுப் பணத்தை ஆளுக்கு 400 யூரோ கணக்கில் தன்னிடமே கட்டிவிடலாம், அங்கே போய்க் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிறேன் என்றார் டூர் ஏற்பாட்டாளர். வயசான பெண்கள் பலரும் தலையாட்டிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை, எழுந்து சொல்லிவிட்டேன். அவர்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் என் பெரியம்மை 40 வருஷம் தலைச்சுமையாக மீன் விற்றவள். சொந்தமாகச் சீட்டுப் போட்டு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் வாய்க்கணக்கிலேயே பார்த்து, இந்தப் பயணத்துக்கான பணத்தையும் பிள்ளைகளிடம் கேட்காமல் சேர்த்தவள். அவள் ஒரு ஜெபமாலை வாங்க இன்னொருவர் முன்னால் கைநீட்டி நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆளுக்கொரு ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ரூபாயைக் கொடுத்தால் அன்றைய விலைக்கு யூரோவாக அதில் ஏற்றித் தருவார்கள். ஏற்றியது தீர்ந்தால் தீர்ந்தது, அதுக்குமேல் ஒரு சென்ட்கூடப் போகாது. தொலைந்தால் போனிலேயே முடக்கலாம். ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான்.

"எனக்க சக்கரத்த நான்தான பாக்கணும்" என்றாள் பெரியம்மை. திருவிதாங்கூர் ராஜ்யமும் அதன் சக்கரக் காசும் போய் இத்தனை காலமாகியும் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்குப் பணம் என்றால் சக்கரம்தான்.

செப்டம்பர் 24, புதன்

வங்கியில் அரைநாள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எல்லாவற்றுக்கும் நகல். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்து.

கூட்டுறவு சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவள் நான். ரசீதை வரிவரியாகப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். பெரியம்மைக்கு 400 யூரோ, இன்றைய விலை 106 ரூபாய் 10 காசு. ஆக 42,440. ஜிஎஸ்டி 76 ரூபாய் 39 காசு. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் முழுத் தொகைமேல் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து அதன்மேல்தான் 18 சதவீதம். அந்த ஒரு சதவீதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 250 ரூபாயாகத்தான் எடுப்பார்கள். கார்டுக்கு வரியோடு 177. எல்லாம் சேர்த்து 42,693 ரூபாய் 39 காசு. பக்கத்து மேஜையில் மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாகப் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு அக்காவிடம் ரசீதைக் காட்டித்தான் சமாதானப்படுத்தினேன்.

வேறு மூன்று செலவையும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏடிஎம்மில் ஒருதடவை பணம் எடுத்தால் ஒன்றரை யூரோ. வெறுமனே பேலன்ஸ் பார்த்தாலும் அரை யூரோ. ஏற்றிய காசில் இல்லாமல் வேறு நாட்டுக் காசில் செலவு செய்தால் மூன்றரை சதவீதம் பிடிப்பார்கள். இவை நாங்கள் எடுத்த கார்டின் கணக்கு. வங்கிக்கு வங்கி மாறும்.

பின் நம்பர் போடும்போது பெரியம்மை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். முந்தானையை விரித்து மெஷினை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, உதடு அசைய அழுத்தினாள். நாலே எண். எனக்கும் சொல்லவில்லை. அதுதான் சரி.

வீட்டுக்கு வந்ததும் என் சொந்த டெபிட் கார்டையும் திறந்து வைத்தேன். 2020 மார்ச் 16க்குப் பிறகு கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வரும். வங்கியின் ஆப்பில் போய் நாமே திறக்கணும். இது ஆபத்துக்கு மட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து பெரியம்மைக்கு ஸ்வெட்டர் வாங்க ஜவுளிக்கடைக்குப் போனோம். கல்லாவில் பெருமையாகத் தன் கார்டை நீட்டிவிட்டாள். மெஷின் ஏற்கவில்லை. இன்னொரு மெஷினிலும் இல்லை. பின்னால் வரிசை. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது நான்தான்.

இந்தக் கார்டு இந்தியாவுக்குள் செல்லாது. நேபாளத்திலும் பூடானிலும் செல்லாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அப்படித்தான். கார்டில் கோளாறு ஒன்றும் இல்லை. வெளியே வந்து படியில் உட்கார வைத்து இதைச் சொன்னேன்.

"அப்பம் நம்ம ஊர்ல இது சும்மா கெடக்க வேண்டியதுதானா?"

"ஆமா பெரியம்மை. பிளேன் ஏறி எறங்கினாத்தான் முழிக்கும்."

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஊரை விட்டுப் போகும்வரை கார்டு வேலை செய்கிறதா என்று தேய்த்துப் பார்க்கவே முடியாது.

அக்டோபர் 6, திங்கள். தோஹா விமான நிலையம்

விடிய விடியப் பயணம். நாகர்கோவிலில் இருந்து வேனில் மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம்.

இங்கே இறங்கியதும் என் கார்டில் ஒரு டீ வாங்கிப் பார்த்தேன். 22 ரியால். கார்டில் இருப்பது யூரோ என்பதால் மூன்றரை சதவீதமும் சேர்ந்து 5 யூரோ 37 சென்ட் போனது. டீக்குக் கொடுத்த விலை கொள்ளைதான், ஆனாலும் கார்டு ஓடுகிறது என்று தெரிந்ததும் 22 பேருக்கும் உயிர் வந்தது. எஸ்எம்எஸ்ஸும் உடனே வந்தது. எல்லார் போனிலும் ரோமிங்கைத் திறந்து வைத்தது வீண்போகவில்லை.

அக்டோபர் 8, புதன். ரோம்

காலையில் புனித பேதுரு சதுக்கம். பாப்பரசர் லியோ புதன்கிழமைச் சந்திப்புக்கு வண்டியில் சுற்றி வந்தார். பெரியம்மை கூட்டத்தையும் பார்க்கவில்லை, அவரையும் வெகுநேரம் பார்க்கவில்லை. பேராலய முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2022 மே 15 அன்று நம்ம தேவசகாயம் பிள்ளையின் படம் அந்த முகப்பில்தான் தொங்கியது. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில், இந்தியாவில் முதலில் புனிதர் பட்டம் பெற்றவர் அவர். நட்டாலத்தில் பிறந்து, 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு, கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமானவர். அந்த விழாவை டிவியில் பார்த்த அன்றுதான் பெரியம்மை தனிச் சீட்டு ஒன்று தொடங்கினாள்.

"இஞ்சதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு வங்கியின் வாசலோடு ஒட்டிய ஏடிஎம்மாகப் பார்த்து 100 யூரோ எடுத்தோம். கூடுதலாகப் பிடிப்பார்கள் என்ற பயத்தில், தெருவோரம் தனியாக நிற்கும் மஞ்சள், நீல மெஷின்கள் பக்கம் நான் யாரையும் விடவில்லை. மெழுகுவர்த்தி உண்டியலுக்குச் சில்லறை வேண்டும். மற்றபடி இங்கே ரொக்கத்துக்கு வேலை குறைவு. 2022 ஜூன் 30 முதல், கார்டை வாங்க மறுக்கும் கடைக்காரருக்கு அபராதம் உண்டு. நின்றுகொண்டே குடிக்கும் காப்பிக்கும் கார்டுதான். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கார்டைத் தொட்டாலே ஒன்றரை யூரோ டிக்கெட் விழுந்துவிடுகிறது. தண்ணீருக்குச் செலவே இல்லை, தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

பெரியம்மை ஆசைக்கு மூன்று இடத்தில் பேலன்ஸ் பார்த்திருக்கிறாள். ஒன்றரை யூரோ போய்விட்டது. எஸ்எம்எஸ்ஸில் அதே கணக்கு இனாமாக வருகிறது என்று காட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

புனித மரியா பெருங்கோயிலில் பிரான்சிஸ் பாப்பரசரின் கல்லறையைத் தரிசித்துவிட்டு, போகிற வழியில் ஒரு ஜெபமாலைக் கடை. பெரியம்மை பேரப்பிள்ளைகளுக்கென்று 60 யூரோவுக்கு எடுத்தாள். நான் வாசலில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன். மெஷின் திரையில் இரண்டு கட்டம் வந்திருக்கிறது. ஒன்றில் யூரோ, ஒன்றில் இந்திய ரூபாய். கடைக்காரர் அவளைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிட்டு, பின் போடச் சொல்லி நீட்டியிருக்கிறார். ரசீதைப் பார்த்தேன். 6,600 ரூபாய். யூரோவுக்கு 110 என்று மெஷினே ஒரு விலை வைத்துக்கொண்டது. அதோடு முடியவில்லை. கார்டில் ரூபாய் கிடையாதே, அந்த 6,600 மறுபடி யூரோவாக மாறி, மூன்றரை சதவீதமும் சேர்ந்து கார்டில் 66 யூரோ 19 சென்ட் கழிந்திருக்கிறது. ஏற்கனவே யூரோவாகக் கிடந்த பணத்தை ரூபாயாக்கித் திரும்ப யூரோவாக்கி, ஆறு யூரோவுக்குமேல் தின்றுவிட்டார்கள். கோட்டாறு சந்தையில் அறுநூறு ரூபாய்க்கு எத்தனை கூறு மீன் விற்கணும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார். அந்த ஆறு யூரோவை நான் தருகிறேன் என்றதும் பெரியம்மைக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ எதுக்குத் தரணும்? எது நம்ம கட்டம்னு காட்டு. அது போதும்."

ஒரு தாளில் யூரோக் குறியை வரைந்தேன். வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தாள். "தூண்டி முள்ளு மாதிரில்லா இருக்கு. நடுவுல ரெண்டு கோடு." அந்தத் தாளைக் கார்டோடு சேர்த்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாருக்கும் சொன்னேன். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்க் காசைத்தான் அழுத்தணும். ரூபாய் என்று பார்த்ததும் நம்ம ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும். நம்பக்கூடாது.

அக்டோபர் 11, சனி. அசிசி

பெரியம்மை விடியற்காலை என் அறைக் கதவைத் தட்டினாள். "மக்கா, எனக்க கார்டுல 50 யூரோவக் காணல. களவு போச்சு."

களவு இல்லை. நேற்றிரவு ஓட்டல்காரர்கள் முன்பணம் என்று ஆளுக்கு ஒரு கார்டு வாங்கித் தேய்த்தார்கள். பணத்தை எடுக்க மாட்டார்கள், ஏதாவது சேதமானால் எடுத்துக்கொள்ள ஓரமாகப் பிடித்து மட்டும் வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் அது நம் கண்ணிலேயே படாது. எங்களுடையது மாதிரி முன்கூட்டியே பணம் ஏற்றிய ப்ரீபெய்டு கார்டில் இருக்கிறதே கொஞ்சம், அதில் 50 யூரோ முடங்கினால் கையொடிந்த மாதிரிதான். விடுவிக்க ஒரு வாரத்துக்குமேல் ஆகலாம் என்று வரவேற்பில் சொன்னார்கள். அடுத்த ஓட்டலில் முன்பணத்துக்கு என் கிரெடிட் கார்டைக் கொடுக்கப்போகிறேன்.

இதை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று முழித்தேன். "வலை வாடகைக்கு எடுத்தா ஈடு வாங்குவாவல்லா, அப்படி" என்றேன். "அப்பம் திருப்பித் தருவாவ" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

போன மாதம் 7ஆம் தேதி புனிதரான கார்லோ அகுடிஸின் கல்லறை. வெளியே ஒரு கடையில் பெரியம்மை ஒரு கம்பளிச் சால்வை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. திரையில் இரண்டு கட்டம் வந்தது. கடைக்காரப் பெண்ணின் விரல் போவதற்குள் பெரியம்மை மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுருக்குப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, திரையோடு சேர்த்து வைத்து ஒருதரம் பார்த்தாள். தூண்டி முள்ளை அழுத்தினாள். முந்தானையை மூடி நாலு எண். 24 யூரோ. சரியாக 24.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன். நாகர்கோவில்

வந்து சேர்ந்தோம். கடற்கரையிலிருந்து தம்பி வந்து பெரியம்மையைக் கூட்டிப் போனான். கார்டில் 53 யூரோ 19 சென்ட், ஓட்டலில் மாட்டியிருக்கும் 50 தனி.

அக்டோபர் 24, வெள்ளி

அந்த 50 யூரோ செவ்வாய்க்கிழமை திரும்பி வந்ததாக எஸ்எம்எஸ். இன்றைக்கு வங்கிக்குப் போனோம். செலவாகாத வெளிநாட்டுப் பணத்தைத் திரும்பி வந்து 180 நாளுக்குள் ஒப்படைக்கணும், எங்களுக்கு அது அடுத்த ஏப்ரல் 13. நோட்டாக இருந்தால் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். நாள் இருக்கிறதே என்று போட்டுவைத்து மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

வாங்கும்போது 106 ரூபாய் 10 காசு. திருப்பிக் கொடுக்கும்போது 100 ரூபாய் 40 காசு. வங்கி விற்கிற விலைக்கும் வாங்குகிற விலைக்கும் உள்ள இடைவெளி போக, நாங்கள் ஏற்றியபிறகு யூரோவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. விலையைப் பூட்டி வைப்பது எப்போதும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். 103 யூரோ 19 சென்டுக்கு 10,360 ரூபாய் 28 காசு, ஜிஎஸ்டி 45 போக 10,315 ரூபாய் 28 காசு அவள் கணக்கில் ஏறும்.

இன்னொரு வேலை பாக்கி. டூர் பேக்கேஜ் விலைமேல் ஆளுக்கு 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமானவரி, பிடித்திருக்கிறார்கள். கார்டில் ஏற்றியதற்கு அது கிடையாது, வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டினால்தான். பெரியம்மைக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. ஆனாலும் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும். இப்படி எங்கள் குழுவில் 14 பேர். அடுத்த ஜூலைக்குள் 14 பேருக்கும் நானே போட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும், கார்டை வெட்டிப்போட்டு விடலாமா என்று கேட்டார் கவுண்டரில் இருந்த தம்பி. பெரியம்மை கார்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். கார்டின் மூலையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"2030ணு போட்டிருக்குல்லா. அதுவரைக்கும் இருக்கட்டு."

ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.