இந்தியப் பட்டம் இருந்தால் கம்யூனிட்டி காலேஜில் ஸ்காலர்ஷிப் கிடைக்காதா? நான் நர்சிங் படித்த கதை

பி.காம். முடித்து, கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடி, அப்புறம் அமெரிக்கா வந்து நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் படிக்கலாமா என்று யோசிக்கிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, காசுக்கு என்ன செய்தீர்கள் என்றுதான். ஒவ்வொருத்தருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். அரசாங்க உதவி எனக்கு ஓரளவுக்குத்தான் கிடைத்தது. மீதியைச் சமாளிக்க வைத்தது, முன்பின் தெரியாத சிலர் கல்லூரிக்கு நன்கொடையாகக் கொடுத்து வைத்திருந்த பணம்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் போட்ட மனுவில் கிரீன் கார்டு கிடைத்து, குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் வந்து சேர்ந்தோம். அந்த வரிசையின் நீளம் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அண்ணன் மனுப் போட்டபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் வேலை, எனக்கு இந்திய மளிகைக் கடையில் கல்லாவில் வேலை. வாடகைக்கே ஒருவர் சம்பளம் போய்விடும். "நீ நர்சிங் படி, கம்யூனிட்டி காலேஜிலேயே படிக்கலாம்" என்று ஆரம்பித்து வைத்தது மதினி.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் அரசு நடத்தும் இந்தக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. இரண்டு வருஷப் பட்டமோ தொழில் சான்றிதழோ வாங்கலாம், அங்கிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கும் மாறிப் போகலாம். மாநிலத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம், யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 2012-லிருந்து அது ஏறவில்லை. அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் சேர்ந்தால் பல மடங்கு கேட்பார்கள், அதனால் நாங்கள் முடிகிற வரை பொறுத்திருந்தோம்.

சேர்ந்ததும் எல்லாரும் சொன்னபடி ஃபாஃப்ஸா விண்ணப்பம் போட்டேன். மத்திய அரசின் பெல் கிராண்ட்டுக்கு அதுதான் வாசல், 2024-25-இல் அதிகபட்சத் தொகை 7,395 டாலர், திருப்பித் தர வேண்டியதில்லை. எங்கள் வருமானத்துக்கு நன்றாகவே கிடைத்திருக்கும். ஆனால் இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு பெல் கிராண்ட் இல்லை. பட்டம் எந்த நாட்டில் வாங்கினது, அது இங்கே ஒரு வேலைக்காவது உதவுகிறதா என்பதையெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் தருகிற கால் கிராண்ட் (Cal Grant) என்ற உதவித்தொகையும் அப்படியே. என் பி.காம். இந்த ஊரில் எனக்குக் கல்லா வேலையைத் தாண்டி எதுவும் வாங்கித் தரவில்லை, உதவித்தொகையைத் தடுப்பதற்கு மட்டும் அது செல்லுபடியானது. இந்த விதி நியாயமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஊரில் படித்ததை யார் வந்து பார்க்கப் போகிறார்கள், பட்டம் இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று நம் ஆட்களே இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கிற உறுதிமொழி. நாளைக்கு குடியுரிமைக்கு மனுப் போடும்போதும், நர்ஸ் லைசென்ஸுக்கு விரல்ரேகை கொடுக்கும்போதும் அது கழுத்தைப் பிடிக்கும்.

கல்லூரியின் உதவி அலுவலகக் கவுண்டரில் இருந்தவர், பட்டம் இருக்கிறதா, அப்படியானால் உங்களுக்கு உதவி எதுவும் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போன பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஏனென்றால் அது உண்மையில்லை. கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்று ஒன்று இருக்கிறது, வருமானம் குறைவாக இருந்தால் அந்த யூனிட் கட்டணத்தையே தள்ளுபடி செய்கிறார்கள், முன்பே பட்டம் வாங்கியவருக்கும் உண்டு. எனக்குக் கிடைத்தது. இதை எனக்குச் சொன்னது அனாட்டமி வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர்.

சரி, கட்டணம் போய்விட்டது, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். இந்தக் கல்லூரிகளில் கட்டணம் சின்னச் செலவு. அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம் என்று முன்தேவைப் பாடங்களை முடித்து, டீஸ் என்ற நுழைவுத் தேர்வில் குறைந்தது 62 சதவீதம் எடுத்து, இடத்துக்குக் காத்திருந்து, நர்சிங் புரோகிராமுக்குள் நுழைந்த அன்றைக்கே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், வழுக்காத ஷூ, தடுப்பூசிகள், போதைமருந்துப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, சிபிஆர் என்ற உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி அட்டை, காப்பீடு, பாடப் புத்தகங்கள், புத்தகத்தோடு வருகிற ஆன்லைன் குறியீட்டு எண் (code). அந்த எண்ணை ஒருவர்தான் பயன்படுத்த முடியும், அதனால் பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. இதற்கு மேல், கிளினிக்கல் என்ற நேரடிப் பயிற்சி நாட்களில் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கடையில் ஷிஃப்ட் குறையும், சம்பளமும் குறையும். கட்டணத் தள்ளுபடி இதில் எதையும் தொடாது.

கல்லூரியின் ஃபவுண்டேஷன் உதவிக்கு வருவது இங்கேதான். கிட்டத்தட்ட எல்லாக் கம்யூனிட்டி காலேஜுக்கும் பக்கத்திலேயே லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளை இருக்கும், நன்கொடை வாங்குவதும் அதைப் பிரித்துக் கொடுப்பதும் அதன் வேலை. சிலர் இந்த வருஷத்துக்கு என்று ஒரு தொகை கொடுப்பார்கள், கொடுத்தது அந்த வருஷமே தீர்ந்துவிடும். சிலர் முதலைத் தொடாமல் வைத்து வருமானத்தை மட்டும் எடுக்கிற நிரந்தர நிதியாக வைப்பார்கள். உதாரணத்துக்கு 25,000 டாலர் போட்டு வருஷத்துக்கு 4 சதவீதம் எடுத்தால், வருஷா வருஷம் ஒரு மாணவருக்கு 1,000 டாலர். ஊர்க் கோவிலில் ஒரு நாள் பூஜைக் கட்டளைக்கு வயலை எழுதி வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான். பெரிய தொகைகளும் உண்டு. 2008-இல் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளை கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்காக 5 கோடி டாலர் அறிவித்தது, அதில் பாதி மற்றவர்கள் கொடுக்கிற தொகைக்கு ஈடாகப் போடுகிற பணம். 2021-இல் மெக்கன்சி ஸ்காட் என்ற பெரும் பணக்காரப் பெண்மணி பாசடீனா சிட்டி காலேஜுக்கு மட்டும் 3 கோடி டாலர் கொடுத்தார். ஆனால் எங்கள் கல்லூரியின் பட்டியலைப் பார்த்தபோது பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உள்ளூர்ச் சங்கங்கள், இறந்துபோன ஒருவரின் குடும்பம், இப்படித்தான் இருந்தது.

நன்கொடைப் பணம் என்பதால் பெல் கிராண்ட் விதி இதற்குப் பொருந்தாது. யாருக்குக் கொடுக்கலாம் என்பதைக் கொடுத்தவரே சொல்கிறார். நர்சிங் மாணவருக்கு, பிள்ளைகள் இருக்கிற அம்மாவுக்கு, இடைவெளி விட்டுத் திரும்பி வந்து படிப்பவருக்கு என்று. முன்பே பட்டம் வாங்கினீர்களா என்று நான் போட்டவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

விண்ணப்பிப்பது பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஃபவுண்டேஷன் இணையதளத்தில் ஒரே ஒரு பொது விண்ணப்பம், அதை நிரப்பினால் உங்களுக்கு எதெல்லாம் பொருந்தும் என்று அதுவே காட்டிவிடும். சிலவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒன்றிரண்டு கேள்வி. எனக்கு மலைப்பாக இருந்தது கட்டுரைதான். உங்கள் வாழ்க்கையில் சந்தித்த சிரமம் ஒன்றை எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லாதே என்று வளர்ந்தவளுக்கு அதை ஆங்கிலத்தில், அதுவும் முகம் தெரியாத ஒரு குழுவுக்கு எழுத கையே வரவில்லை.

கல்லூரியில் ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அங்கே இருந்த பையனுக்கு என் மூத்தவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு, நேற்றுக் காலையிலிருந்து என்ன செய்தீர்கள், அதை அப்படியே சொல்லுங்கள் என்றான். சொன்னேன். கல்லாவுக்குக் கீழே எலும்புப் பெயர்கள் எழுதின அட்டைகளை ஒட்டி வைத்திருப்பேன், கூட்டம் இல்லாத நேரத்தில் கொத்தவரங்காயையும் முருங்கைக்காயையும் எடை போட்டபடியே மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன், ஒரு தடவை வரிசையில் நின்ற வயதான பெரியவர் ஒருவர் அடுத்த எலும்பின் பெயரை எடுத்துக் கொடுத்தார், அவர் ஓய்வுபெற்ற டாக்டர். பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதைத்தான் எழுத வேண்டும் என்றான். ஏழ்மை, போராட்டம், கனவு என்று ஒரு வார்த்தை இல்லாமல் அந்தக் கட்டுரை முடிந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை யூனிட் படிப்பு, பணம் கிடைத்தால் எந்த ஷிஃப்டை விடுவேன் என்பதைக் கணக்காக எழுதினேன். படிக்கிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான் என்று பிறகு தெரிந்தது, அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஆசிரியர்களும் அலுவலர்களும், ஒரே நாளில் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மைக்ரோபயாலஜி ஆசிரியையைக் கேட்டேன். எந்தெந்த ஸ்காலர்ஷிப், கடைசித் தேதி என்ன, அவர் வகுப்பில் நான் செய்த புராஜெக்ட் எது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்ததும் உடனே ஒப்புக்கொண்டார்.

முதல் வருஷம் விண்ணப்பித்ததில் இரண்டு கிடைத்தன, பல கிடைக்கவில்லை. ஒன்று 1,500 டாலர், இன்னொன்று 1,000. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். எனக்கு அதில் அந்தப் பட்டியல் முழுவதும் அடங்கி, மிச்சத்தில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை விட முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் ஃபார்மகாலஜி பாஸ் செய்திருக்க மாட்டேன்.

ஒன்றை எச்சரித்துவிடுகிறேன். மே மாதம் பெயரை அறிவித்தாலும், இலையுதிர் பருவத்தில் நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்கள் என்று உறுதியான பிறகுதான் செக் வரும், எனக்கு செப்டம்பர் ஆகிவிட்டது. ஆனால் புத்தகமும் யூனிஃபார்மும் ஆகஸ்டிலேயே வேண்டும். இந்த இடைவெளியைக் கல்லூரிகள் சரி செய்தே ஆக வேண்டும், கையில் காசு இல்லாதவருக்குத்தானே ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்கள். நான் ஃபவுண்டேஷன் அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்டபோது அவசர உதவி நிதி என்று இன்னொன்று இருப்பது தெரிந்தது, அதுவும் நன்கொடைதான், சில நாளில் கொடுத்துவிட்டார்கள். கேட்காமல் இருந்தால் தெரிந்திருக்காது.

நன்றிக் கடிதம் எழுதச் சொல்வார்கள். சம்பிரதாயம் என்று நினைத்து நாலு வரி எழுதாதீர்கள், கொடுத்தவர் அதை உண்மையாகவே படிக்கிறார். வருஷம் ஒருமுறை நன்கொடையாளர்களையும் மாணவர்களையும் சேர்த்து மாலையில் ஒரு விருந்து வைக்கிறார்கள். என் ஸ்காலர்ஷிப் ஒன்றை ஏற்படுத்தியவர் வந்திருந்தார், எண்பது வயதுக்கு மேல் இருக்கும், அவருடைய மனைவி அதே கல்லூரியில் நர்சிங் ஆசிரியையாக இருந்து காலமானவர். என்ன பேசுவது என்று எனக்குத் தயக்கம். அவரே கேட்டார், "என்ன ஷூ வாங்கினீர்கள்?" சொன்னேன். பாதத்துக்குச் சரியாக இருக்கிறதா, பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடிகிறதா என்று விசாரித்தார். மனைவி முதல் வேலையில் மட்டமான ஷூ போட்டு வீட்டுக்கு வந்து தினமும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாராம். அதனால்தான் அந்தப் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று எழுதி வைத்தேன், கட்டணத்துக்கு மட்டும் என்று வைத்தால் ஷூ வாங்க முடியாதே என்றார்.

நிபந்தனை குறைவாக வைக்கிறவர்கள்தான் உண்மையில் நிறைய உதவுகிறார்கள் என்பது என் எண்ணம். குறிப்பிட்ட பள்ளியில் படித்திருக்க வேண்டும், குறிப்பிட்ட பாடம், முழுநேரப் படிப்பு என்று இறுக்கி வைத்த சிலவற்றுக்கு ஆளே விண்ணப்பிப்பதில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இந்தக் கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர்கள், முழுநேர நிபந்தனையே பலரை வெளியே தள்ளிவிடும்.

இரண்டாம் வருஷம் கிடைத்த தொகையில் லைசென்ஸ் செலவை முடித்தேன். கலிஃபோர்னியா நர்சிங் வாரியத்துக்கு 300 டாலர், என்கிளெக்ஸ் தேர்வுக்கு 200, விரல்ரேகை தனி. முதல் தடவையே தேறிவிட்டேன். இப்போது ஒரு மறுவாழ்வு மையத்தில் இரவுப் பணி.

கேட்கிறவர்களுக்காக மீதிக் குறிப்புகள். ஸ்காலர்ஷிப் பணத்தில் கட்டணம், கட்டாயப் புத்தகம், கட்டாய உபகரணம் போக வாடகைக்கோ பெட்ரோலுக்கோ செலவழித்த பகுதி வருமானமாகக் கணக்கில் வரும், ரசீதுகளை எடுத்து வையுங்கள். வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வாங்கினால் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள், எல்லா உதவியும் சேர்ந்து அவர்கள் கணக்கிட்ட மொத்தப் படிப்புச் செலவைத் தாண்டக் கூடாது. எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் ஃபாஃப்ஸா போட முடியாது, ஆனால் ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப்பில் சிலவற்றுக்கு ஃபாஃப்ஸாவே தேவையில்லை, எவை என்று அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பட்டியல் தருவார்கள். விண்ணப்பக் காலம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எங்கள் கல்லூரியில் குளிர்காலத்தில் திறந்து வசந்தத்தில் மூடினார்கள். பரிந்துரைக் கடிதத்தை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், பகுதிநேர ஆசிரியர்கள் அடுத்த பருவத்தில் அதே கல்லூரியில் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.