காலையில் மட்டும் அணையும் வண்டி

குன்னூர் குளிருக்கு நம்ம இருபது வயசு பெட்ரோல் கார் காலையில் ஒரே வீம்பு. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிடும். ஐந்து நிமிடம் சூடேறிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க சமர்த்து. பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக் அண்ணன் முதலில் இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரில் மீட்டர் வைத்தார். 20 டிகிரியில் 2,500 ஓம் பக்கம் காட்ட வேண்டுமாம், அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் காட்டினார், ஐடில் வால்வு வாயில் தோசைக்கல் அடிக்கரி மாதிரி கறுப்பு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை விடுவதே அந்த வால்வுதான், அது அடைத்துக்கொண்டால் இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) எப்படி நிலைக்கும்? கிளீனர் ஸ்ப்ரே, பழைய டூத்பிரஷ், அரை மணி நேர வேலை. இன்று காலை ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி, அணையாமல் ஓடியது. பிளக்குக்குக் கொடுத்த காசுதான் வயிற்றெரிச்சல்.