உடைந்த கருவி கேள்வி: வைவாவில் முதலில் சொல்ல வேண்டியது

எஃப்என்பி ஸ்பைன் (முதுகெலும்பு அறுவைசிகிச்சை ஃபெலோஷிப்) தேர்வு ரிசல்ட் வந்து மனசு லேசாகிவிட்டது. பெங்களூரில் அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இது. தியரிக்கு ஆயிரம் நோட்ஸ் கிடைக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கால் வழுக்கும் இடம் வேறு. ட்யூபுலர் டிஸ்கெக்டமியில் (சிறு குழாய் வழியே முதுகுத் தட்டை எடுக்கும் அறுவையில்) டிஸ்க் ஃபோர்செப்ஸின் (தட்டைக் கடித்தெடுக்கும் இடுக்கியின்) தாடை உடைந்து உள்ளே விழுந்தால்?

"சி-ஆர்ம் போடுவேன்" (அறுவை அறையிலேயே எக்ஸ்ரே பார்க்கும் கருவி) என்று ஆரம்பிக்காதீர்கள். கையை நிறுத்துவேன், ட்யூபை அசைக்க மாட்டேன், சக்ஷனை எடுக்கச் சொல்வேன். இதுதான் முதல் பதில். ட்யூப் நகர்ந்தால் தசை மூடி, கண்ணுக்குத் தெரிந்த துண்டும் மறைந்துவிடும்.

அடுத்தது, நான் திரும்பத் திரும்பச் சொல்வது: கையில் மிஞ்சியதை ட்ராலியில் வைத்து, அதே மாதிரி உடையாத ஃபோர்செப்ஸோடு ஒப்பிடுங்கள். தாடை மட்டும் போனதா, கீல் பின்னும் சேர்ந்து போனதா? இது தெரியாமல் ஒரு துண்டை எடுத்துத் தையல் போட்டால், இன்னொன்று உள்ளே இருக்கும். சக்ஷன் பாட்டிலையும் வடிகட்டிப் பாருங்கள்.

பிறகுதான் சி-ஆர்மில் ஏபி (முன்-பின்), லேட்டரல் (பக்கவாட்டு) படம்.

கனாலில் (நரம்புகள் செல்லும் குழாயில்) இருந்தால்: எடுத்தே ஆக வேண்டும், தேவைப்பட்டால் ஓபனாக மாற்றி.
டிஸ்கில் இருந்தால்: மைக்ரோ பிட்யூட்டரி (மெல்லிய இடுக்கி) அல்லது ஹூக், லேட்டரல் படம் பார்த்தபடி, பின்னோக்கி மட்டும்.
முன் அனுலஸை (டிஸ்கின் வெளி வளையத்தின் முன்பக்கத்தை) தாண்டினால்: துரத்தாதீர்கள். அங்கே பெரிய ரத்த நாளங்கள்: அயோர்ட்டா, வீனா கேவா, இலியாக் நாளங்கள். மயக்க மருத்துவரிடம் சொல்லி பிபியைக் கவனியுங்கள், வாஸ்குலர் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.
எலும்புக்குள் அசையாமல் புதைந்திருந்தால்: தோண்டுவதால் வரும் சேதம் அதிகமென்றால் விட்டுவிடலாம்.

எண்டோஸ்கோப்பியில் (கேமராக் குழாய் வழியே செய்யும் அறுவையில்) சலைன் ஓட்டம் துண்டைத் தள்ளும். முழுக்க நிறுத்தினால் ரத்தம் மறைக்கும். அதனால் அழுத்தத்தைக் குறையுங்கள். ஸ்கோப்பின் சேனலைவிடப் பெரிய துண்டை அதன் வழியே இழுக்காமல், பிடித்தபடி ஸ்கோப்பையும் சேர்த்து வெளியே எடுங்கள்.

ஏன் உடைகிறது என்றும் கேட்பார்கள். டிஸ்க் ஃபோர்செப்ஸால் எலும்பைக் கடிப்பது, கடித்தபடி முறுக்குவது, பழைய கீல். உடைந்தது கைடுவயர் (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் கம்பி) என்றால், வளைந்த வயர் மீது டேப் (ஸ்க்ரூவுக்கு மரை வெட்டும் கருவி) வேறு கோணத்தில் இறங்குவதே காரணம். வளைந்த வயரை நிமிர்த்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஸ்க்ரூ பெடிக்கிளை (முதுகெலும்பின் குறுகிய காம்புப் பகுதியை) தாண்டி வெர்டிப்ரல் பாடிக்குள் (முன்னால் உள்ள பெரிய பகுதிக்குள்) நுழைந்ததும் வயரை எடுத்துவிடுங்கள்.

துண்டை விட்டுவிட்டால் நோயாளியிடம் மறைக்கக் கூடாது. அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2008-இல் வெளியிட்ட அறிவிப்பும் இதைத்தான் சொல்கிறது: எந்த உலோகம், எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, என்ன ஆபத்து. ஃபோர்செப்ஸ் பெரும்பாலும் காந்தம் இழுக்கும் எஃகு. டைட்டானியம் ஸ்க்ரூ மாதிரி நினைத்து எம்ஆர்ஐக்கு அனுப்ப முடியாது. ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வந்தவர் நாளை ஊரில் வேறு சென்டரில் ஸ்கேன் எடுப்பார். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதோடு, அவருக்கும் வீட்டாருக்கும் தமிழிலேயே சொல்லுங்கள்.

கருவியின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்ணை) குறித்து, உடைந்த பாகங்களை எடுத்துவைத்து, 2015-இல் தொடங்கிய இந்திய மெட்டீரியோவிஜிலன்ஸ் (மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும்) திட்டத்துக்குத் தெரிவிப்பேன் என்றும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.