பிரவுசிங் சென்டர் கணினியில் ஒரு வீட்டுச் சர்வர்

பாம்பனில் பரணில் கிடக்கும் கணினியை முதலில் கெடுப்பது உப்பு. தூசியை ஊதித் தள்ளிவிடலாம். உப்பு அப்படிப் போகாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துகொள்ளும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊரில், ஈரப்பதம் அந்த அளவை எட்டாத இரவுகள் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை திரையில் மென்பொருள் பிழையாகத்தான் தலைகாட்டின.

கணினி என் சித்தப்பா மகனுடையது. இராமநாதபுரத்தில் அவன் நடத்திய பிரவுசிங் சென்டரை மூடியபோது மிஞ்சியவற்றில் ஒன்று. இன்டெல் கோர் 2 டுவோ இ7500 பிராசஸர், ஜி41 சிப்செட் மதர்போர்டு, ஒற்றை 2 ஜிபி ராம். “அண்ணே, எடைக்குப் போட்டால் ஏதோ கொஞ்சம் தேறும். அதோடு போய் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்?” என்றான். குடும்பத்தில் ஆளுக்கொரு செல்போனில் சிதறிக் கிடக்கும் படங்களும் தங்கையின் கல்யாண வீடியோவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வீட்டு வைஃபையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க வேண்டும். என் தேவை அவ்வளவுதான். அதற்கு இந்தப் பிராசஸர் தாராளம்.

கணினியைக் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சர்வராக மாற்ற எந்த மென்பொருள் என்பதில் அதிகம் குழம்பவில்லை. ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கிறது. ஜி41 போர்டின் உச்சவரம்பே 8 ஜிபிதான். ஆகவே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் இயங்கும் ஓப்பன்மீடியாவால்ட். இவை இரண்டும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்த பங்காளிகள். 2005இல் தொடங்கிய ஃப்ரீநாஸ்தான் பின்னாளில் ட்ரூநாஸ் ஆனது. அதே ஃப்ரீநாஸில் வேலை செய்த ஃபோல்கர் தைலே என்பவர்தான் டெபியனை அடித்தளமாகக் கொண்டு ஓப்பன்மீடியாவால்ட்டை உருவாக்கினார். பழைய கணினிக்காரர்கள் இந்தப் பங்காளியிடம் போவதே நல்லது.

மென்பொருளைத் தொடும் முன் போர்டைக் கழுவினேன். ஆம், கழுவினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. ஆனால் சுத்தமான ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரைவதே இல்லை. துடைக்கத் துடைக்க இங்கிருந்து அங்கே நகரும், அவ்வளவுதான். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் தாதுக்கள் இல்லாத தண்ணீர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனே போதும். பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) பேட்டரி, ராம், பிராசஸர், விசிறி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் அந்தத் தண்ணீரைத் தொட்டு முழுப் போர்டையும் தேய்த்தேன். பிறகு ஆல்கஹால். அது தண்ணீரை விரட்டிச் சீக்கிரம் உலரவைக்கும். அதற்கு மேலும் மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயப் போட்டேன். இதைப் பார்த்த அம்மா, “மீனைத்தான் அலசிக் காயப் போடுவார்கள், இதையுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழுவவில்லை, திறக்கவும் இல்லை. அதனுள் இருக்கும் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். பழையதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதுதான் முறை. இந்தத் திட்டத்தில் கைக்காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது எஸ்எம்பிஎஸ்தான்.

ராம் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜி41 சிப்செட்டுக்கு அடர்த்தி அதிகமான நினைவகச் சில்லுகளைப் படிக்கத் தெரியாது. 4 ஜிபி டிடிஆர்3 அட்டையில் 8 சில்லுகள் மட்டும் இருந்தால் கணினி கிளம்பாது, அல்லது பாதி அளவைத்தான் காட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ள அட்டைதான் வேண்டும். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்து எண்ணுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கிளம்பிய பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியதில் சிவப்பு வரிகள் வந்தன. அட்டையைக் கழற்றி அதன் முனைகளை ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பப் பொருத்தியதும் காணாமல் போயின. பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. முனையில் இருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது; தேய்த்துத் தேய்த்து அதை எடுத்துவிட்டால் அடுத்த கச்சான் காற்றுக்கு அந்த இடமே முதலில் கறுக்கும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் ரப்பர்.

நிறுவல் பாதியில் நின்றது. கோப்புகளை நகலெடுக்கும் இடத்தில் ‘இன்புட் அவுட்புட் பிழை’. இறக்கி வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பு கெட்டுவிட்டதா, பென்டிரைவ் மோசமா என்றுதான் எவருக்கும் தோன்றும். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்தால் வேறு கதை: டிஸ்க்கைப் போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைப்பதாக அது தானாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். அது சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் போகும் வழியில் தரவு சிதைந்தால் மட்டும் ஏறும். டிஸ்க்கே பழுதென்றால் 5, 197 ஆகிய எண்களில்தான் தெரியும். அவை இரண்டும் சுழியம். 199 மட்டும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. கேபிளைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முனைக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. புதுக் கேபிள் போட்டதும் நிறுவல் ஒரே மூச்சில் முடிந்தது. 199இன் எண்ணிக்கை பழையபடி சுழியத்துக்குத் திரும்பாது, அது டிஸ்க்கின் ஆயுள் கணக்கு. மேலே ஏறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

பாம்பனின் புதிய ரயில் பாலத்துக்கு அரிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று எவ்வளவோ ஏற்பாடுகள். அந்தப் பாலத்தின் காற்றையே மூச்சாக இழுக்கும் சாட்டா கேபிளுக்கு யார் பூச்சு அடிப்பது?

நெட்வொர்க்கிலும் இதே கதைதான். படங்களை அனுப்பினால் விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை. இந்த 11 என்ற எண் வந்தாலே சந்தேகப்படுங்கள். அது 100 மெகாபிட் இணைப்பின் உச்சம். போர்டும் ரவுட்டரும் ஜிகாபிட் வகை, ஆனால் இணைப்பின் வேகத்தைச் சொல்லும் எத்டூல் கட்டளை 100 என்றே காட்டியது. காரணம் எளிது: 100 மெகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிகளில் இரண்டு போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பிளக்கின் ஓரத்தில் இருக்கும் 7, 8ஆம் ஊசிகளில் களிம்பு. அந்த ஜோடி வேலை செய்யாததால் இரு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிட்டன. முனையை வெட்டிப் புது பிளக் அடித்ததும் வேகம் 100 மெகாபைட்டைத் தாண்டியது.

பயாஸ் பேட்டரி செத்திருந்தது. சிஆர்2032, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அது செத்தால் வரும் தொல்லைகளுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியாது. கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வலையிலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் வசதியை இயக்காமல் மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால், சேமிப்பகப் பட்டியல் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று டெபியன் மறுக்கும். எதிர்காலத்தில் தயாரான கோப்பு என்று அது நினைக்கிறது. இன்னொன்று, மின்சாரம் போய் வந்ததும் பயாஸ் அமைப்புகள் அழிந்து, ‘தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று கணினி காத்து நிற்கும். விசைப்பலகையே இல்லாமல் மூலையில் இருக்கும் சர்வரில் யார் எஃப்1 அழுத்துவது? புதுப் பேட்டரி போட்ட கையோடு பயாஸில் இரண்டை மாற்றினேன்: விசைப்பலகை இல்லாவிட்டாலும் தொடர வேண்டும், மின்சாரம் திரும்பினால் தானே இயங்க வேண்டும்.

இதுவரை எல்லாம் உப்பு, களிம்பு, வயது. அடுத்தது அப்படியல்ல, இதில்தான் தரவு பறிபோயிருக்கும்.

ஏற்கெனவே படங்கள் நிறைந்த 4 டிபி டிஸ்க் ஒன்று யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்து நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால், ஓப்பன்மீடியாவால்ட் அதை வெற்று டிஸ்க் என்றது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்த பார்ட்டிஷனே இல்லையாம். முனைகளைத் துடைத்தும் மாற்றமில்லை, 199ஆம் எண்ணும் அசையவில்லை. பயாஸும் சுமார் 1.8 டிபி என்று தவறான அளவைக் காட்டியது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய பயாஸுக்கு 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது, லினக்ஸ் பயாஸைக் கேட்காமல் டிஸ்க்கையே கேட்டு முழு 4 டிபியையும் எடுத்துக்கொள்ளும்.

உண்மையான காரணம் அந்த யுஎஸ்பி பெட்டியின் சில்லு. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளும் படிக்க வேண்டும் என்பதற்காக, சில பெட்டிகள் செக்டர் (டிஸ்க்கில் எண்ணிட்டுப் படிக்கும் சிறு துண்டு) அளவை 512 பைட்டிலிருந்து 4,096 பைட்டாக மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் அட்டவணையின் தலைப்பு எப்போதும் 1ஆம் எண் செக்டரில் இருக்கும். பெட்டிக்குள் இருந்தபோது அது 4,096ஆவது பைட்டில் எழுதப்பட்டது. நேரடியாக மாட்டியதும் செக்டர் 512 ஆகிவிட, கணினி 512ஆவது பைட்டில் போய்த் தேடுகிறது. அங்கே ஒன்றுமில்லை. படங்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன, விலாசம்தான் தப்பு. இந்த நேரத்தில் திரையில் பளிச்சென்று நிற்கும் ‘அழித்துப் புதிதாக்கு’ பொத்தானைத் தொட்டுவிடக் கூடாது.

லினக்ஸின் லூசெட்அப் (losetup) கட்டளையில் செக்டர் அளவு 4,096 என்றும், படிக்க மட்டும் என்றும் சொல்லித் திறந்தால் பார்ட்டிஷன் வந்து நிற்கிறது. அங்கிருந்து எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, கல்யாண வீடியோ ஓடுகிறதா என்று பார்த்த பிறகே இந்த டிஸ்க்கை எக்ஸ்டி4 வடிவில் புதிதாக்கினேன். டிஸ்க்கைப் பெட்டியில் திரும்ப மாட்டி நகலெடுத்தாலும் வேலை முடியும், நேரம்தான் கூடும்.

இந்தப் பிராசஸரிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் சில உண்டு. ஏஇஎஸ் கணக்குக்கான தனிக் கட்டளைகள் இதில் இல்லாததால் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்தால் வேகம் வெகுவாகக் குறையும். ஏவிஎக்ஸ் கட்டளைகளும் இல்லை, ஆகவே மோங்கோடிபி 5.0 தரவுத்தளம் முதலான சில மென்பொருள்கள் கிளம்பவே கிளம்பா. கோப்புகளைப் பகிர்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னும் தீராமல் இருப்பது மின்கட்டணம். சும்மா இருக்கும்போது 50 வாட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் கணிசமான பங்கை இதுவே விழுங்கிவிடும். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பயாஸ் அலாரத்தில் எழுப்பலாம். ஆனால் அணைத்த போர்டு குளிர்ந்துவிடும், குளிர்ந்த போர்டில்தான் ஈரம் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் சூடே அதற்குக் காவல். அம்மா கட்டணத்தின் பக்கம், நான் களிம்பின் பக்கம். இப்போதைக்கு வெயில் காலத்தில் இரவு அணைப்பது, ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும் மாதங்களில் அணைக்காமல் விடுவது என்று முடிவாகியிருக்கிறது. வாரம் ஒருமுறை 199ஆம் எண்ணைக் குறித்துவைக்கிறேன். இன்னொரு நகல் எடுத்த டிஸ்க், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இராமநாதபுரத்தில் தம்பி வீட்டு அலமாரியில் இருக்கிறது. எடைக்குப் போடச் சொன்னவன், இப்போது தன் பிள்ளைகளின் படங்களுக்கும் இடம் கேட்கிறான்.