கோத்தகிரி சர்வருக்கு எந்த கெர்னல் பேட்ச்?

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் லினக்ஸ் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடை இரவு வரை அதில் பதிவாகிக்கொண்டே இருப்பதால், நினைத்த நேரத்தில் ரீபூட் செய்ய முடியாது. ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் எனும் திருத்தம் போட்டால் வழக்கமாக ரீபூட் தேவைப்படும்; அதனால் எதை உடனே போடுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழுவே பாதுகாப்புக் குறைகளுக்கான அடையாள எண்களான சிவிஇ எண்களை வழங்கத் தொடங்கிய பின்னர், சிறு திருத்தங்களுக்கும் எண் கிடைத்துவிடுவதால், எண்ணைக் கண்டு பதறுவதில் பயனில்லை. குறையுள்ள மாட்யூல், அதாவது கெர்னலில் தனியாக ஏற்றக்கூடிய துண்டு, நம் சர்வரில் இயங்குகிறதா என்பதையே முதலில் பார்ப்பேன். தேவைப்படும்போது தானாக ஏறிக்கொள்ளும் மாட்யூல்களும் உண்டு என்பதால், வேண்டாதவற்றை முன்பே தடுத்து வைத்திருக்கிறேன்.

2022 மார்ச்சில் வெளிவந்த டர்ட்டி பைப் என்ற கெர்னல் குறை அப்படித் தள்ளிப்போடக்கூடியதன்று. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பையும் சாதாரணப் பயனர் மாற்றிவிட இடம்தந்த அக்குறை 5.8 பதிப்பில் நுழைந்தது. கெர்னல் குழு நேரடியாக வெளியிடும் மூலக் கெர்னலின் 5.10 வரிசையில் 5.10.102 இல்தான் அது சரியானது என்றாலும், எங்கள் சர்வரில் உள்ள லினக்ஸ் விநியோகமான டெபியன் அத்திருத்தத்தை 5.10.92-2 தொகுப்பிலேயே சேர்த்துவிட்டது. ஆகவே பதிப்பு எண்ணை மட்டும் நம்பாமல் விநியோகத்தின் மாற்றக் குறிப்பையும் படிக்க வேண்டும். எங்கள் சர்வர் 5.10.92-1 என்று காட்டியது. அன்றிரவு கடைசி லாரியின் எடை பதிவானதும், பழைய கெர்னலைக் கிரப் பட்டியலில் (சர்வர் தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) விட்டுவைத்துப் புதியதை ஏற்றினேன்.